நரிப் படம் போட்ட விரிப்பு

எங்கள் கட்டிடத்தில் யார் யாரோடு தூங்குகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் யாரையும் கேட்க வேண்டாம். கீழ்த்தளத்துப் பொதுச் சலவை அறைக்கு வாரம் இரண்டு முறை போனால் போதும். இரண்டாம் மாடி ஸ்தெல்லானின் மனைவி விட்டுப் போனது அவன் அம்மாவுக்கே தெரியாத காலத்தில் எனக்குத் தெரியும். உலர்த்தும் அறைக் கொடியில் இரட்டை விரிப்பு நின்று ஒற்றை விரிப்பு தொங்க ஆரம்பித்திருந்தது. நாலாம் மாடி விதவையின் துணிகளுக்கு நடுவே போன வசந்தத்தில் ஆண்பிள்ளைக் காலுறைகள் முளைத்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலைந்து பேரிடம்தான் சொன்னேன்.

பெர்னில்லா துணி காயப்போடுவது தனி அழகு. நிறம் பார்த்து, அளவு பார்த்து, ஓரம் பிசகாமல் தொங்கும். கட்டிடச் சங்கத்தின் தலைவி அவள்தான். இயந்திரத்தின் தூசி வலையைக் கழுவாமல் போனவர்களுக்குச் சுவரில் சீட்டு ஒட்டி, கீழே ஒரு சிரிக்கும் முகமும் வரைவாள். இன்றைக்கு அவளை எனக்கு ஆகாது. அன்றைக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

மூன்று வருடத்துக்கு முன் அவளும் கணவன் ஹோகனும் கொலம்பியாவிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுத்துக் கூட்டி வந்தார்கள். வாசலில் கொடி கட்டினோம். பச்சை கேக் வெட்டினோம். சிவப்பான புதுப் பனி உடுப்பில் குழந்தை நடுவில் நிற்க, எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டோம். மாரிசோல் என்று பெயர். இரண்டாவது வாரத்தில் லோவீசா ஆகிவிட்டாள். "பள்ளிக்கூடத்துல கூப்பிடச் சுலபமா இருக்கணும்ல?" என்றாள் பெர்னில்லா. மாரிசோல் என்று கூப்பிடுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. கேக் நன்றாக இருந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் பொது அறையில் காப்பியும் ஏலக்காய் பன்னும் வைத்து எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். சுவரில் படம் காட்டினாள்.

"அனாதை இல்லத்துலேருந்து வர்ற பிள்ளைங்க சாப்பாட்டை ஒளிச்சு வைக்கும். வயிறு ரொம்பினது தெரியாது, குடுத்தா தின்னுக்கிட்டே இருக்கும். பொய் சொல்லும், அதுவும் கண்ணைப் பாத்துச் சொல்லும். நீங்க யாரும் பதறாதீங்க. அதெல்லாம் அங்கேருந்து கூடவே வந்தது."

நாங்கள் பன்னை மென்றுகொண்டே தலையாட்டினோம். கேள்வி முளைப்பதற்கு முன்பே விடையைக் கையில் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் எதைப் பார்த்தாலும் அந்த விடையை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போனோம்.

என் மகள் சிக்னேவும் லோவீசாவும் ஒரே வகுப்பு. சிக்னே எனக்கு நாற்பத்தொரு வயதில் பிறந்தவள். அப்பன், வாங்கிய ஃபிரிட்ஜின் உத்தரவாதம் முடிவதற்குள் கழன்றுகொண்டவன். அதனால் எங்கள் வீட்டு மேசையில் இரண்டே தட்டு.

லோவீசா மாலை நாலு மணிக்கு விளையாட வருவாள். ஐந்தரைக்கு எங்களுக்குச் சாப்பாடு. அடுத்த வீட்டுப் பிள்ளை விளையாட வந்தால் அது அறையிலேயே இருக்கும். நாங்கள் சாப்பிட்டு வந்ததும் ஆட்டம் தொடரும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிறத்தியார் பிள்ளைக்கு நாம் சாப்பாடு போட்டால் அவர்கள் வீட்டில் சமைத்து வைத்தது வீணாகும். உன்னால் உன் பிள்ளைக்குப் போட முடியவில்லை என்று சொன்ன மாதிரியும் ஆகும். நானும் சிறுவயதில் எத்தனையோ வீடுகளின் அறைகளில் உட்கார்ந்து அடுத்தவர் முள்கரண்டிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். செத்தா போனேன்?

அதனால் லோவீசா அறையில் உட்கார்ந்திருப்பாள். இறைச்சி உருண்டை வாசனை போய்ப் பிள்ளையை ஏங்க வைக்கக் கூடாதே என்று கதவைச் சாத்திவிடுவேன். அக்கறையாகத்தான் சாத்தினேன்.

ஒருநாள் நாங்கள் எழுந்ததும் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சிக்னே அம்மா, தட்டையெல்லாம் நான் எடுத்து வைக்கட்டுமா?"

"அடடா, எடுத்து வையி கண்ணு."

சமையலறைக்குள் போனவள் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு நான் போய்ப் பார்த்தேன். தட்டில் குழம்புத் தடம்கூட இல்லை. சிக்னே ஒதுக்கி வைத்த உருளைக்கிழங்குத் தோல் குப்பைக் கூடையிலும் இல்லை. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் தட்டு எடுத்து வைத்தாள்.

இதை நான் சலவை அறையில் சொல்லிச் சிரித்தேன். "என் பொண்ணுக்குத் தட்டை மேசையிலேருந்து தூக்கக்கூடத் தெரியாது. பெர்னில்லா பொண்ணு நக்கி வச்ச மாதிரி சுத்தமா வைக்குறா!" என்றேன். ஸ்தெல்லானும் சிரித்தான். பெர்னில்லா காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுவாரம் எனக்கு ஒரு டப்பா பன் வந்தது. பெருமைப்பட்டுக்கொண்டு தின்றேன்.

நான் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். மத்தியானம் வரிசையில் வருகிற முந்நூறு பிள்ளைகளுக்கும் கரண்டியால் போடுகிறவள் நான்தான். லோவீசா வெள்ளிக்கிழமை இரண்டு முறை வருவாள். திங்கட்கிழமை நாலு முறை வருவாள். போகும்போது மொறுமொறு ரொட்டியைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொள்வாள். தலைமைச் சமையல்காரன் கோன்னி அதைப் பார்த்துவிட்டான்.

"ஏன் மரீட்டா, அந்தப் பொண்ணு வயித்துல என்ன, ஓட்டையா? திங்கக்கிழமை ஆனா ஒரு லாரி லோடு இறங்குது."

"அனாதை இல்லத்துப் பழக்கம். அதுங்களுக்கு வயிறு ரொம்பினது தெரியாதாம்" என்றேன், ஏதோ நானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்தவள் மாதிரி.

கோன்னி ஆசிரியையிடம் சொன்னான். ஆசிரியை பெர்னில்லாவிடம் சொன்னாள். இரண்டு நாளில் கடிதம் வந்தது. 'இது பசி அல்ல, பழக்கம். ஒரு தட்டுக்கு மேல் தர வேண்டாம். உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' கீழே சிரிக்கும் முகம். கோன்னி அதை எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒவ்வாமைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினான். கடலை ஆகாதவன், பால் ஆகாதவள், இரண்டாம் தட்டு ஆகாதவள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மறுபடி வந்து தட்டை நீட்டினாள். கரண்டி என் கையில் இருந்தது.

"ஒண்ணுதான் லோவீசா. அம்மா சொல்லியிருக்காங்க."

"சரி" என்றாள். அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளாக இருந்தால் முனகும், காலைத் தரையில் உதைக்கும், சமையல்காரிக்குப் பட்டப்பெயர் வைக்கும். இவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். அதற்கும் பெர்னில்லாவைத்தான் பாராட்டினேன்.

பள்ளித் தாதி உயரம் அளந்துவிட்டு, அந்த நாட்டுப் பிள்ளைகள் குள்ளம்தான் என்று எழுதி வைத்தாள். நான் போய்க் கேட்டேன், அவள் சொன்னாள். ஒரு பிள்ளையின் உடல் விவரத்தை நான் கேட்டதும் தப்பு, அவள் சொன்னதும் தப்பு.

இப்படியே மூன்றாவது குளிர்காலம் வந்தது. பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. சிக்னேயின் நீலப் பனி உடுப்பு கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று சலவை அறை அலமாரியில் வைக்கக் கொண்டுபோனேன். மூன்று குளிர்காலத்தில் நான் அப்படிக் கொண்டுவந்து வைத்த மூன்றாவது உடுப்பு அது.

உலர்த்தும் அறையில் லோவீசாவின் சிவப்பு உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கேக் வெட்டிய நாளில் போட்டிருந்த அதே உடுப்பு. ஒரு உடுப்பை மூணு குளிர்காலம் ஓட்டுறா, சிக்கனக்காரி என்று அதற்கும் நான் நாலு பேரிடம் புகழ்ந்திருந்தேன். சும்மா இருந்த கை சும்மா இருக்கவில்லை. எடுத்து நீலத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பின் கால் நீலத்தின் முழங்காலோடு நின்றது. கழுத்துச் சீட்டைத் திருப்பினேன். ஐந்து வயதுக்கான அளவு. அவளுக்கு எட்டு முடிந்திருந்தது. நேற்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தாள், தாராளமாகவே இருந்தது.

கண் பழக்கதோஷத்தில் கொடியைத் தேடியது. பெர்னில்லா வீட்டு விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. பெரிய வெள்ளை இரண்டு, தலையணை உறை இரண்டு. லோவீசாவுக்கு நரிப் படம் போட்ட விரிப்பு ஒன்று உண்டு. அதைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? நடுக்கோடைத் திருநாளுக்கு முன்னால். அதற்குப் பிறகு? நரியும் இல்லை, வேறு சின்ன விரிப்பும் இல்லை. ஒற்றை விரிப்பை வைத்து விவாகரத்தைக் கண்டுபிடித்த எனக்கு, எட்டு மாதமாக ஒரு பிள்ளையின் விரிப்பே கொடிக்கு வரவில்லை என்பது தெரியவில்லை.

மேலே போய் சிக்னேயைப் பிடித்தேன்.

"லோவீசா எங்கடி தூங்குறா?"

சிக்னே பென்சிலைக் கடித்தாள். "குளிக்கிற ரூம்ல."

"குளிக்கிற ரூம்ல எதுக்கு?"

"ராத்திரி எழுந்து ஃபிரிட்ஜைத் திறக்குறாளாம். அதனால வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. துண்டை விரிச்சுப் படுத்துக்குவா. தரை சூடா இருக்குமாம்மா, கீழ குழாய் ஓடுதாம். சனி ஞாயிறு பகல்லயும் சில நேரம்."

"ஹோகன்?"

"அவரு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவாராம்."

"இதை ஏன் நீ என்கிட்ட சொல்லல?"

சிக்னே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவதான் சொல்லக்கூடாதுன்னா. உங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிருவாங்க, அப்புறம் பெர்னில்லாவுக்குத் தெரிஞ்சிரும்னா."

என்னை இதைவிடச் சரியாக யாரும் எடைபோட்டதில்லை.

சமூகநல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சளி பிடித்த குரலில் ஒரு பெண் எடுத்தாள். நான் மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க. யாரோ சொன்னதை விட்டுடுங்க. நீங்களே பாத்தது, நீங்களே செஞ்சது மட்டும்."

அதுதான் கஷ்டமாக இருந்தது. நானே பார்த்ததைச் சொன்னால் நான் செய்ததும் கூடவே வருகிறது. கதவைச் சாத்தினேன். தட்டைப் பார்த்தேன், சிரித்தேன். கரண்டியை நிறுத்தினேன். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் கேட்டது.

"உங்க பேரை எழுதுவேன். பள்ளிக்கூட ஊழியர் பேரை மறைக்க முடியாது. சந்தேகம் வந்தா சொல்லியே ஆகணும்னு சட்டமும் இருக்கு, தெரியும்ல?"

"சமையலறைக்காரிக்குமா?"

"கரண்டி பிடிக்கிறவங்களுக்கும்தான். வேலையில சேந்த நாள்லேருந்து."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வீட்டுக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவ பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டா. அப்புறம் அவ வாயைத் திறக்கவும் விடமாட்டாங்க."

அப்போது மணி நாலு. இருபது மணி நேரம். என் வாழ்நாளில் ஒரு செய்தியை நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததில்லை.

சிக்னேயை வீட்டை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு, ஆறு மணிக்கு என் துணியை எடுக்கக் கீழே போனேன். போகாவிட்டால் அடுத்த முறைக்காரர் சீட்டு எழுதுவார். உலர்த்தும் அறையில் பெர்னில்லா நின்றுகொண்டிருந்தாள், சிவப்பு உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு.

"இதை யாரோ தொட்டிருக்காங்க" என்றாள். "நான் மாட்டின மாதிரி இல்ல."

"நான்தான். சிக்னேயோடதுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"சிக்னேயோடது நீலம்."

"நீலம்தான். கண்ணாடி போடாம வந்தேன்."

"நீ ஒண்ணையும் சும்மா எடுக்கமாட்டியே, மரீட்டா." சிரித்தாள். "இந்தா, இதைப் பிடி. தனியா மடிச்சா ஓரம் சேராது."

வெள்ளை விரிப்பின் இரண்டு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்தேன். இருவரும் பின்னால் நகர்ந்து இழுத்தோம். அவள் இழுத்த இழுப்பில் என் விரல் நழுவப் பார்த்தது. முன்னால் நடந்து முனையோடு முனை சேர்த்தோம். அவள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது. பன் வாசனை அடித்தது.

"லோவீசா உங்க வீட்ல ஏதாச்சும் சொன்னாளா?"

"அவ எங்க பேசுறா? உம்முன்னு இருப்பா."

"பொய் சொல்லுவா, தெரியும்ல. உன்னை மாதிரி ஆளு கெடச்சா ஜோடிச்சுச் சொல்லுவா. உன் வாயும் சும்மா இருக்காது." மறுபடி இழுத்தாள். "நாளையிலேருந்து அவ உங்க வீட்டுக்கு வரவேண்டாம்னு பாக்குறேன். பள்ளிக்கூடமும் இந்த வாரம் வேண்டாம். வீட்டிலேயே அமைதியா இருக்கட்டும்."

விரிப்பின் இரண்டாவது மடிப்பு. முனைகள் சேர வேண்டும், நான் ஏதாவது பேச வேண்டும். நான் பேசாமல் இருந்தால்தான் இவள் சந்தேகப்படுவாள் என்று அப்போது புரிந்தது. முப்பது வருடம் வாயாடியாக இருந்ததற்கு அன்றைக்கு ஒரு நாள் பலன் இருந்தது.

"அதை விடு, நாலாம் மாடி அம்மா வீட்டுக் காலுறை யாரோடதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் கை நின்றது. "யாரோடது?"

"நம்ம ஸ்தெல்லானோடது."

"அடிப்பாவி! அவங்களுக்கு இவனைவிட இருபது வயசு கூட!"

"பதினெட்டுதான். சாம்பல் காலுறை, குதிகால்ல பச்சைத் தையல். அவன் கொடியிலும் பாத்தேன், அவங்க கொடியிலும் பாத்தேன்."

அத்தனையும் அந்த நிமிடத்தில் நான் கட்டியது. ஸ்தெல்லான் இதைப் படித்தால் படிக்கட்டும். பெர்னில்லா விரிப்பை மார்பில் அணைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "நீ திருந்தவே மாட்ட" என்றாள். பழைய மரீட்டாதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

விரிப்பைக் கூடையில் வைத்தபடி, சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னேன்: "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடு பெர்னில்லா. நீ வீட்ல வச்சுக்கிட்டா நாள் பூரா ஃபிரிட்ஜையில்ல காவல் காக்கணும்? நாளைக்கு வியாழக்கிழமை, பட்டாணி சூப்பும் பான்கேக்கும். ஒரு தட்டுக்கு மேல போடமாட்டேன். என்னைத் தெரியாதா உனக்கு?"

"உன்னை நம்பலாம்" என்றாள், என் கையைத் தட்டிக்கொடுத்து.

மாடிக்கு வந்து கையைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

மறுநாள் பத்தரை மணிக்கே தலைமை ஆசிரியையின் அறையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சாப்பிட்ட பிறகு கூப்பிடுகிறோம் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். முதல் வகுப்பு வந்தது, இரண்டாம் வகுப்பு வந்தது. ஒவ்வொரு தலையாகப் பார்த்துப் போட்டேன். பதினொன்று பத்துக்கு அவர்கள் வகுப்பு வந்தது. சிக்னே நின்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஒருத்தி. அவளுக்கும் பின்னால், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, லோவீசா.

சூப் ஊற்றினேன். பான்கேக் இரண்டு வைத்தேன். நகரப் போனாள்.

"முடிச்சுட்டு மறுபடி வா" என்றேன்.

"ஒண்ணுதான்னு சொல்லியிருக்காங்க."

"நான் சொல்றேன், வா."

கோன்னி அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தான். "மரீட்டா, அந்தக் கடுதாசி…"

"அந்தக் கடுதாசியை நீயே தின்னு."

அவள் மறுபடி வந்தாள். மூன்றாவது முறையும் வந்தாள். நாலாவது முறை வந்தபோது தட்டை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சிக்னே அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"இல்ல. ஒரே ஒருத்தங்ககிட்ட. அவங்க அந்த ரூம்ல உக்காந்திருக்காங்க. நல்லவங்க, சளி பிடிச்சிருக்கு."

அந்தக் கதவைப் பார்த்தாள். பிறகு ரொட்டிக் கூடையைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கூடையில் பாதி இல்லை.

அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. பெர்னில்லா வீட்டு அலமாரியில் நரி விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்ததாம், இஸ்திரி போட்டு. வழக்கு நடக்கிறது. ஹோகன் தனக்கு எதுவும் தெரியாது என்கிறான், டிவி அவ்வளவு சத்தமாம். சமூகநல அலுவலகத்தின் பழைய கோப்பில் ஆசிரியை எழுதிய குறிப்பு ஒன்று, பல் வைத்தியர் எழுதியது ஒன்று ஏற்கெனவே கிடந்ததாம். இரண்டின் கீழும் 'முற்கால வாழ்க்கையின் விளைவு' என்று எழுதி மூடியிருந்தார்களாம். அங்கேயும் யாரோ பன் கொடுத்திருப்பார்கள்.

எங்கள் கட்டிடத்தில் இருபத்துநாலு வீடு. இப்போது எல்லா வீட்டுக்கும் முன்பே சந்தேகம் இருந்ததாம். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு மரீட்டா" என்று மாடிப்படியில் நிறுத்திச் சொல்கிறார்கள். "அப்ப ஏன் மூடிக்கிட்டு இருந்தே?" என்று கேட்கிறேன். சலவை அறைக் கதவில் ஒருநாள் சீட்டு தொங்கியது: 'வம்பு குடும்பங்களை அழிக்கும்.' கையெழுத்து இல்லை. அதை எடுக்காமல் அடியில் என் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன்.

போன வாரம் சிக்னேவோடு ஏபா என்று ஒரு புதுப் பெண் விளையாட வந்தாள். ஐந்தரைக்கு மூன்றாவது தட்டை வைத்தேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டது. ஏழு மணிக்கு அதன் அம்மா போனில் கத்தினாள்.

"என்ன பழக்கம் இது? கேக்காம கொள்ளாம எம் பிள்ளைக்குச் சாப்பாடு போட்டிருக்க! இங்க நான் மீன் செஞ்சு வச்சிருக்கேன், தொடமாட்டேங்கறா. அத்தனையும் வீணாப் போச்சு!"

"போகட்டும்" என்றேன். "நாளைக்கும் வீணாப் போகும்."